ஊதா வெளிச்சத்தில் ஒரு நெற்றி

“மேடம், எனக்கு எப்பதான் கையெழுத்துப் போடுவீங்க?”

உள்ளே வந்ததும் வராததுமாகச் செசிலி கேட்டுவிட்டாள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் உயிருள்ள காசநோய்க் கிருமியை வைத்து ஆராய்ச்சி செய்ய ஓர் அறை இருந்தது. பாதுகாப்புக் குழுத் தலைவி தில்லைநாயகி கையெழுத்துப் போடாமல் அதன் கதவு யாருக்கும் திறக்காது. அதுவரை தீங்கில்லாத கிருமியை வைத்து வெளியறையில் பழக வேண்டும்.

“இன்னும் ஆகலையே,” என்றார் தில்லைநாயகி.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே ‘இன்னும் ஆகலை மேடம்’.

“என்கூடச் சேர்ந்தவங்க எல்லாம் உள்ளே போயாச்சு. நான் என்ன தப்புப் பண்ணேன்? கையுறை கிழிஞ்சுதா? ஒரு சொட்டு சிந்துச்சா?”

“இல்லை.”

“அப்புறம்? கைக்குழந்தைக்காரின்னு தள்ளி வைக்கிறீங்களா?”

தில்லைநாயகி பேச்சை மாற்றினார்.

“பையன் எப்படி இருக்கான்?”

கோபத்திலும் செசிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஆரோனா? முட்டு விளையாடப் பழகிட்டான் மேடம். நான் வாசல்ல செருப்பைக் கழட்டினா போதும், தவழ்ந்து வந்து நெத்தியை நீட்டுவான். முட்டினாத்தான் மத்த பேச்சு.”

கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அவனை நினைச்சாத்தான் எனக்குப் பயமே. அதனாலதான் இவ்வளவு கவனமா செய்யறேன்.”

“சரி. இப்ப ஒரு தடவை செஞ்சு காட்டு.”

இருவரும் வெளியறைக்குப் போனார்கள். செசிலி மேலங்கி மாட்டினாள். முகமூடியும் கையுறையும் அணிந்தாள். மேடம் எடுத்து வைத்த குழாய்களை வாங்கி, கண்ணாடித் தடுப்புக்குள் கைவிட்டு வேலை செய்தாள். கை நடுங்கவில்லை. எதுவும் சிந்தவில்லை.

முடித்தாள். பெருமூச்சு விட்டாள். கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவினாள். மேலங்கியைத் தொட்டியில் போட்டாள். முகமூடியைக் கழற்றினாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

தில்லைநாயகி அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன ஊதா விளக்கு ஒன்றைக் கையில் எடுத்தார்.

“குழாய் மேல ஒரு மாவு தடவியிருந்தேன். சும்மா பார்த்தா தெரியாது, இந்த வெளிச்சத்துல மின்னும். கையைக் காட்டு.”

நகக்கண்ணில்கூட ஒன்றும் இல்லை.

“பார்த்தீங்களா மேடம்!”

“பார்த்தேன். இப்ப நீ சுவர்க் கண்ணாடியைப் பாரு.”

விளக்கு மேலே போனது.

சாம்பல் புதனன்று சர்ச்சில் ஃபாதர் சாம்பல் பூசிவிட்டது போல, நெற்றி நடுவில் பச்சையாக ஒரு தீற்றல்.

தில்லைநாயகி விளக்கைத் தொட்டிப் பக்கம் திருப்பினார். கழற்றிப் போட்ட மேலங்கியின் மார்பில் ஒரு தீற்றல். இடது தோளில் ஒன்று. வலது தோளில் ஒன்று.

செசிலியின் கை தானாக எழுந்தது. பாதி வழியில் நின்றது.

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பழக்கியது. பரீட்சை முடிந்தாலும் ஒரு சிலுவை, பஸ் கிடைத்தாலும் ஒரு சிலுவை. ஆபத்தான வேலை நல்லபடியாக முடிந்தால் கேட்கவே வேண்டாம். கையுறையைக் கழற்றும் முன்பே போடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

கண்ணுக்குள் ஆரோன் தவழ்ந்து வந்தான், நெற்றியை நீட்டிக்கொண்டு.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“முன்னாடியே பார்த்தீங்களா?”

“ஒவ்வொரு தடவையும்.”

“சொல்லியிருக்கலாமே மேடம்.”

“போன வாரமே சொன்னேன். ‘நானா? சான்ஸே இல்லை மேடம்’னு சொல்லிட்டுப் போனே.”

செசிலிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“கடவுளுக்கு நன்றி சொல்றது தப்பா?”

“சொல்லு. கை கழுவிட்டுச் சொல்லு. அவர் காத்திருப்பார்.”

செசிலி முகம் கழுவினாள். ஊதா விளக்கைக் கேட்டு வாங்கிக் கண்ணாடியில் பார்த்தாள். மறுபடி கழுவினாள், நெற்றி சிவந்து போகும்வரை. கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக ஒரு சிலுவை போட்டாள். பிறகு, தனக்கு இன்னும் கையெழுத்துப் போடாத அந்த மனுஷியின் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள்.

“எனக்கெதுக்கும்மா?” என்றார் தில்லைநாயகி. “வீட்டுக்குப் போ. போய் முட்டு.”