நொடிக்கு ஒருதரம்

"கடை என் மூஞ்சியில கதவச் சாத்திருச்சுங்க, அம்மணி" என்றார் சென்னியப்பன்.

இந்தக் குரு-சீடர் கதையில் சீடர் இவர்தான். வயது நாற்பத்தேழு. குரு பூங்கோதைக்கு முப்பது நடக்கிறது. தாடி, காவி, ஆசிரமம் என்று எதையும் தேடாதீர்கள். கோயம்புத்தூரில் ஒரு மாடி ஆபீஸ், ஏசி வேறு சரியாக ஓடாது.

வேலை பார்த்த சாயப்பட்டறையை மூடின பிறகு, மென்பொருள் எழுதக் கற்றுக்கொண்டு வந்தவர் சென்னியப்பன். இணையத்தில் தொட்டில் விற்கிற கடை ஒன்று. அதில் விழுகிற ஆர்டரெல்லாம் கிடங்குக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். நடுவில் நின்று இரண்டையும் இணைக்கிற மென்பொருள் இவர்களுடையது. கடைக்கு ஏபிஐ என்று ஒரு வாசல் உண்டு, அங்கேதான் கேட்டு வாங்க வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் ஆர்டர் ஓடாவிட்டால் மனுஷனுக்கு வேலை நிரந்தரமாகாது. பாவம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

பூங்கோதை திரையைப் பார்த்தாள். 'அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்' என்று கடை திருப்பி எழுதியிருந்தது.

"எத்தனை தரம் கேக்கறீங்கண்ணா?"

"நொடிக்கு ஒருக்கா. புது ஆர்டர் இருக்குதா, இருக்குதான்னு."

"எதுக்கு அவ்வளவு?"

"ஒண்ணு விட்டுப்போனாலும் ஒரு பச்சக் குழந்தைக்குத் தொட்டில் போய்ச் சேராதுங்களே. மனசு கேக்கலீங்க."

திட்டுவாள் என்றுதான் பயந்திருந்தார். அவள் பாசமாகப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"கொஞ்ச நேரத்துல கதவு திறந்துக்கும். அதுக்குள்ள சரி பண்ணுங்க" என்றவள், அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆச்சுங்களாண்ணா?"

"இப்பத்தானுங்க ஆரம்பிச்சேன்."

"ஆச்சுங்களா?"

"இல்லீங்க."

"இப்போ?"

பதற்றத்தில் சென்னியப்பன் எழுதின வரியைத் தானே அழித்துவிட்டார்.

"ஆச்சுங்களாண்ணா?"

"அட, என்னங்கம்மணி நீங்க! கேட்டுக் கேட்டே என் உசுர வாங்கறீங்க! நீங்க பாட்டுக்கு உங்க சீட்டுல இருங்க. முடிஞ்சா நானே வந்து சொல்ல மாட்டனா?"

சொன்னவர் மெல்லத் திரையின் பக்கம் திரும்பினார். கடை எழுதியிருந்த வரி இன்னும் அங்கேயே இருந்தது.

"அம்மணி... கடையே நமக்கு வந்து சொல்லுமா?"

"சொல்லும். எங்க வந்து சொல்லணும்னு அதுகிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

"இல்லீங்க."

பூங்கோதை எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

நொடிக்கு ஒருதரம் கேட்கிற வரிகளையெல்லாம் சென்னியப்பன் அழித்துவிட்டார். கதவு திறந்ததும், கடையின் வாசலில் தங்கள் மென்பொருளின் முகவரியை எழுதி வைத்தார்: 'புது ஆர்டர் வந்தால் இங்கே சொல்லவும்.'

பிறகு ஒன்றும் இல்லை. திரை சும்மா இருந்தது.

அடேயப்பா, அந்தச் சும்மா இருக்கிற நேரம் இருக்கிறதே! ஒரே ஒருதரம் கேட்டுப் பார்த்தால் என்ன என்று கை பரபரத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். நாலு மணி ஆகி, ஐந்தும் ஆனது. பூங்கோதை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அப்போது திரையில் ஒரு வரி தானாக வந்து விழுந்தது. தொட்டில் ஒன்று, பொள்ளாச்சி. அடுத்த மூச்சில் கிடங்கிலிருந்து பதில்: கிடைத்தது.

சென்னியப்பன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

"அம்மணி, வந்துருச்சுங்க! தானா வந்துருச்சு! கிடங்குக்கும் போயிருச்சு!"

பூங்கோதையின் மேஜையில் மத்தியானம் வந்த டீ அப்படியே ஆறி, ஆடை கட்டிக் கிடந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"நான் கேக்கவே இல்லையேண்ணா."