குடும்பப் பெயர் கேட்ட கட்டம்

கதையின் கடைசியில் ஒரு கேள்வி வரும். கேட்டதும் பதில் சொல்லிவிடாதீர்கள். நான் அவசரப்பட்டுத் தப்பாகச் சொன்னேன்.

ஒரு மாவட்டத்தில் சான்றிதழ்களுக்குப் புதிய இணையதளம் தயாரானது. எல்லோருக்கும் திறந்துவிடும் முன், மக்களால் அதைத் தாங்களே நிரப்ப முடிகிறதா என்று பார்க்கப் பத்துப் பெண்களைத் தாலுகா அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். சோதனைதான் என்றாலும் விண்ணப்பம் உண்மையானது. நிரப்பி முடித்தால் விண்ணப்ப எண் கிடைக்கும்.

அவர்களில் ஒருத்தி வெள்ளத்தாய். தீப்பெட்டி ஆலையில் வேலை. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்த எண்ணையாவது அன்று மாலை ஐந்து மணிக்குள் காட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தவள், சோதனையை நடத்தத் துறை அனுப்பிய அருள்மதி. அவள் கையில் இருந்த தாளில் மூன்று கட்டங்கள்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், முடியாமல் நின்ற நேரம். ‘சோதனை முடியும்வரை உதவக் கூடாது’ என்று மேலே தடித்த எழுத்தில் இருந்தது.

வெள்ளத்தாய் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். அடுத்த கட்டம் குடும்பப் பெயர் கேட்டது. தலைப்பெழுத்தைப் போட்டாள். ஓர் எழுத்து போதாது என்று கட்டம் சிவந்தது. காலியாக விட்டாள். அதற்கும் சிவந்தது.

“எங்களுக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு கெடையாதேம்மா. என்னத்தப் போட?”

அருள்மதி வாய் திறக்கவில்லை.

“வீட்டுக்காரர் பேரப் போட்டா மனு அவரு பேருல போயிராதா? அவரு செத்து நாலு வருசமாச்சே.”

வெள்ளத்தாய் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “என்னால ஆகாதும்மா.” அப்போது மணி நாலு.

பின்னால் நின்றிருந்த அலுவலகக் கணினி இயக்குநர் சகாயத்துக்குப் பொறுக்கவில்லை. “நகருங்கக்கா. நீங்க குடும்பப் பேரத் தேடி முடிக்கிறதுக்குள்ள காலேஜப் பூட்டிட்டுப் போயிருவாங்க.” கணவர் பெயரைத் தட்டினான். மீதியையும் அவனே நிரப்பினான். எண் வந்தது.

அருள்மதி ‘முடித்த நேரம்’ கட்டத்தில் நாலு பத்து என்று எழுதினாள். “எப்படி இருந்துச்சும்மா?” என்று கேட்டாள்.

“ரொம்ப லேசா இருந்துச்சு தாயி.” குறை சொன்னால் எண்ணைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் வெள்ளத்தாய்க்கு. எழுந்து பேருந்துக்கு ஓடினாள். மகளின் இடம் தப்பியது.

மற்ற ஒன்பது பேரும் அதே கட்டத்தில் நிற்க, அவர்களுக்கும் சகாயமே நிரப்பிக் கொடுத்தான். பத்துத் தாள்களும் ‘முடித்தார்’ என்றே போயின. இணையதளம் அப்படியே திறக்கப்பட்டது. அடுத்த மாதம் ஊர் ஊராகப் பெண்கள் அதே கட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் பக்கத்தில் சகாயம் இல்லை.

விதியைக் காத்து வாய் மூடியிருந்தாள் அருள்மதி. இடத்தைக் காத்தான் சகாயம். பயந்து நல்ல வார்த்தை சொன்னாள் வெள்ளத்தாய். மாட்டிக்கொண்ட பெண்களுக்கு இவர்களில் யார் பதில் சொல்ல வேண்டும்?

*

விடை: நான் சகாயத்தைத்தான் சொன்னேன். அவன் செய்தது உதவி. வெள்ளத்தாய்க்கோ மகளைத் தவிர வேறு நினைப்பு இருந்திருக்க முடியாது. பதில் சொல்ல வேண்டியவள் அருள்மதி. “என்னால ஆகாது” என்று அந்தப் பெண் கையை எடுத்தபோதே சோதனை முடிந்துவிட்டது. நின்ற நேரம் நாலு மணி என்று எழுதிவிட்டு, கணவர் பெயரை அருள்மதியே போட்டுக் கொடுத்திருக்கலாம். விதியும் மீறப்பட்டிருக்காது, இடமும் போயிருக்காது. மூன்றாவது கட்டம் அதற்காகத்தான் தாளில் இருந்தது. பத்துத் தாள்களிலும் அது காலியாகவே போனது.