தவகை கை மூடிய கதை

அந்தக் காலத்தில் மலையில் மனிதர் பேசியதைவிடச் செடிகொடிகள் பேசியதுதான் அதிகம். அவற்றில் நல்ல மனசு என்று பெயர் எடுத்தது தவகை. ஓடைக்கரையில் இடுப்புயரம் வளர்கிற பெரணிதான் அது. பூக்காது, காய்க்காது. ஆனால் அப்போதெல்லாம் மண்ணைவிட்டு வரும்போதே இலையை விரித்த கை மாதிரி நீட்டிக்கொண்டுதான் வரும். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு என்ன நேரும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

ஓடைக்கு மேலே நஞ்சி என்ற பெண்ணும் அவள் புருஷன் போஜனும் குடியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம். இரண்டு வருஷமாக அவள் ஊன்றிய அவரை, இரண்டு இலை காட்டியதும் உறைபனியில் கருகிப் போனது. பனி முடிந்தபின் ஊன்றலாம் என்றால், காய்க்கும் முன்னே மழை வந்து அழுகவைத்துவிடும். மூன்றாம் வருஷம் அவளிடம் மிஞ்சியது ஒரு பிடி விதை. அந்த மலையில் வேறு யாரிடமும் அவரை இல்லை. இதுவும் போனால் அவரை என்ற பேச்சே கிடையாது.

அதையும் ஊன்றி முளை எட்டிப் பார்த்ததும், மார்கழி பிறந்த அன்று நஞ்சி ஓடைக்கரைக்கு இறங்கினாள்.

"தவகையக்கா, என் நாத்துக்கு ஒரு கூரை வேணும். வைக்கோல் போட்டா அழுகுது. துணி போட்டா விறைச்சு அதுங்க மேலயே விழுது. உன் இலைதான் காத்தையும் விடும், பனியையும் தாங்கும்."

"வெட்டாதே நஞ்சி. வெட்டினா ரெண்டு நாள்ல சருகாயிடுவேன்" என்றது தவகை. "வேரோட பேத்து எடுத்துட்டுப் போ. எங்க கூட்டத்தையே கூட்டிட்டுப் போ. ஆனா வேர் காயாம பாத்துக்க. பனி விட்ட மறுநாளே இந்தக் கரையில கொண்டுவந்து நட்டுடணும். வெயில் ஏறினா தாங்க மாட்டோம்."

"என் அவரை மேல சத்தியம் அக்கா."

போஜன் மூங்கிலை வளைத்துக் கட்டினான். வேர்களை ஈரப்பாசியில் சுற்றி, தவகைகளை அதன்மேல் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். அதற்குப் பனிக்குடில் என்று பெயர் வைத்தாள் நஞ்சி. மதியம் கூரையைத் தூக்கி நாற்றுகளுக்கு வெயில் காட்டுவாள். பொழுது சாயும் முன் மூடுவாள். உறைந்த இலையில் வெயில் பட்டால் கருகிவிடும் என்பதால், விடியும் முன்னே எழுந்து ஓடைத் தண்ணீர் சுமந்து கூரைமேல் தெளித்துப் பனியைக் கரைப்பாள். தவகைகளின் வேரும் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் உயிர் வைத்திருந்தது. விரல் கறுத்துப்போன இலைகளைத் தன் உள்ளங்கையில் வைத்து ஊதிச் சூடேற்றுவாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு மாசமும் நஞ்சி அன்பாகத்தான் இருந்தாள். எனக்கு ஆத்திரமே அதுதான்.

குடிலின் கதகதப்பில், நஞ்சியோடு பேசிய தாய்த்தவகையின் காலடியில், பாசிக்குள் ஒரு குட்டித்தவகை முளைத்தது. அதுவும் கையை விரித்துக்கொண்டுதான் வந்தது.

மாசி பிறந்தது. ஓடையோரத்துப் பனிக்கட்டி உடைந்து ஓடியது. அவரை கொடி வீசத் தொடங்கியது.

"நஞ்சி, பனி விட்டிருச்சு. எங்களைக் கரையில விட்டுடு."

"மாசிப் பனி மச்சையும் துளைக்கும்னு சொல்லுவாங்களே அக்கா. இன்னும் நாலே நாள்."

நாலு நாள் போயிற்று. பனி வரவில்லை. "பூ வைக்கட்டும் அக்கா" என்றாள். பனிதான் இல்லையே, விடியலில் எழுந்து தண்ணீர் சுமப்பானேன்? நஞ்சி வெயில் வரும்வரை தூங்கினாள். அவரைக்கு மட்டும் குடத்தில் ஊற்றினாள். கூரைமேல் யாரும் தெளிக்கவில்லை.

"நஞ்சி, தண்ணி" என்று கூரையிலிருந்து குரல் வரும்.

"இதோ வந்துட்டேன் அக்கா" என்பாள், அவரைப் புழுவைப் பொறுக்கிக்கொண்டே. திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆறு கடக்கும் வரைதானே அண்ணன் தம்பி!

பங்குனியில் மடி நிறையக் காய் பறித்தாள். அன்று பார்த்து விறகெல்லாம் பச்சையாகக் கிடந்தது.

"அந்தக் கூரையில காஞ்சது கெடக்குதே, அதை எடு" என்றான் போஜன்.

"கரையில நடுறேன்னு வாக்குக் குடுத்தேனே."

"சருகை நட்டா முளைக்குமா? பசிக்குது நஞ்சி."

அவள் கூரையில் கை வைத்தாள். "இலைதான் காஞ்சிருக்கு, வேர் இன்னும் சாகல" என்றது தாய்த்தவகை. மெல்லிய குரல்தான், ஆனால் நஞ்சிக்கு நன்றாகவே கேட்டது.  கேட்டும் அள்ளிக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள்.

எந்த அவரை மேல் சத்தியம் செய்தாளோ அந்த அவரை அந்தத் தீயில் வெந்தது. பொய்ச் சத்தியம் செய்தவள் சோறு கசக்கும் என்று சொல்வார்கள். அதெல்லாம் நம்மை நாமே தேற்றிக்கொள்வதற்கு. அவரை நல்ல ருசியாக இருந்ததாம். போஜன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள்தான் நஞ்சிக்கு மனசு உறுத்தியது. தண்ணீரோடு குடிலுக்கு ஓடினாள். முந்தின நாள் அவள் அள்ளியபோது கீழே உதிர்ந்த பாசியில், அவரை நிழலில் குட்டித்தவகை மட்டும் பிழைத்துக் கிடந்தது.

"கண்ணு, உன்னையாவது கரையில கொண்டுபோய் விடுறேன். கையைக் குடு."

குட்டித்தவகை அவளைப் பார்த்தது. அவள் முந்தானையில் இன்னும் புகை வாசனை இருந்தது. விரித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையைச் சுருட்டி, மார்போடு வைத்துக்கொண்டது. நஞ்சி அதைக் கரையில் நட்டாள், கெஞ்சினாள், அழுதாள். அது ஒரு வார்த்தை பேசவில்லை.

அது வேரோடிக் கரையெல்லாம் நிறைந்தது. அடுத்த மார்கழியில் பனி வந்தது. நஞ்சி போய்க் கூரை கேட்டாள். பதில் இல்லை. வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்து வந்தாள்.

அன்று முதல்தான் தவகை மண்ணைவிட்டு வரும்போதே கையை இறுகச் சுருட்டிக்கொண்டு வருகிறது. அன்று முதல்தான் நாமும் அதைக் கேட்காமலே வெட்டுகிறோம்.