சாமான் கொடுப்பவர்கள் இருவர்

"ஊருல ஒருத்தனும் என்னைய நம்ப மாட்டேங்கிறான் தாயி. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

பவுன்ராஜ் உட்காரக்கூட இல்லை. சுருட்டிப் பிடித்திருந்த காகிதத்தால் தொடையில் தட்டிக்கொண்டே நின்றார்.

தவமணி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கண்ணே."

பவுன்ராஜுக்கு ஐம்பத்தொரு வயது. சின்னமனூர்ச் சந்தைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தவமணிக்கு முப்பத்து நாலு. நூல் மில்லில் வேலை பார்த்தவர். ஒருநாள் ஷிப்டுக்குப் போகிற வழியில் ஆற்றோரத் தகரக் கொட்டகையில் சற்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மில்லுக்குப் போகவே இல்லை. எட்டு வருஷமாக ஜனங்கள் அவரிடம் வந்து கேள்வி கேட்கிறார்கள். அவர் அநேகமாகப் பதில் சொல்வதில்லை. அதற்கே இவ்வளவு கூட்டம்.

பவுன்ராஜ் செவ்வாய்க்கிழமை தவறாத சீடர். அன்று வியாழன்.

"யாரு நம்பல?"

"வண்டிச் சாமான் ஏஜென்சிக்காரய்ங்கதான். தேனில ரெண்டு, திண்டுக்கல்ல ஒண்ணு, மதுரைல மூணு. ஆறு வாசல் ஏறி எறங்கிட்டேன். கணக்கு ஆரம்பிச்சுக் குடுங்கய்யா, சாமான் எடுத்துட்டு மாசக் கடைசில பணம் கட்டுறேன்னு கேட்டா, கடை போர்டு போட்டோ கேக்குறாய்ங்க. ஆதார் கேக்குறாய்ங்க. ரப்பர் ஸ்டாம்பு கேக்குறாய்ங்க. எல்லாம் குடுத்தேன் தாயி. கடைசில இதக் கேக்குறாய்ங்க."

காகிதத்தை விரித்துக் காட்டினார். கீழே இரண்டு கோடுகள் காலியாக இருந்தன. அதன் மேல் இப்படி அச்சடித்திருந்தது: 'தற்போது தங்களுக்குக் கணக்கில் சாமான் கொடுப்பவர்கள் இருவர். பெயர், கைபேசி எண்.'

"ஏற்கெனவே ரெண்டு பேரு குடுத்தாத்தான் இவரு குடுப்பாராம். அந்த ரெண்டு பேருகிட்டப் போனா அவனும் இதே தாளத்தான் நீட்டுறான். மொத ஆளு எங்கருந்து தாயி வருவான்? வானத்துலருந்தா?"

தவமணி சிரிக்கவில்லை. ஒரு மொச்சையை உரித்துப் போட்டார்.

பவுன்ராஜுக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. மனுஷன் பொழப்பு நாறிக்கொண்டிருக்கிறது, இந்த அம்மாவுக்கு மொச்சை.

"திங்கக்கிழமை வரைக்கும்தான் தாயி எனக்கு நேரம். பால்கார ஜக்கையன் வண்டி நாப்பது நாளா எங்கிட்ட நிக்கிது. பால் கேனைச் சைக்கிள்ல கட்டித் தள்ளிக்கிட்டுப் போறான். நெதம் லேட்டாம். திங்கக்கிழமையும் லேட்டா வந்தா பேரை எடுத்துருவோம்னு பால் சொசைட்டில சொல்லிட்டாய்ங்களாம். காலைலயும் சாயங்காலமும் கடை முன்னாடி நின்னு கத்துறான். அவன் வண்டியத் தூக்கிட்டுப் போனா மத்த பத்துப் பேரும் தூக்கிட்டுப் போயிருவாய்ங்க. அப்புறம் கடையைச் சாத்திட்டு நான் இங்கன வந்து மொச்சை உரிக்க வேண்டியதுதான்."

"உரிக்கலாம்ணே. நெறைய இருக்கு."

பவுன்ராஜ் பல்லைக் கடித்தார். பிறகு, வந்த காரியத்தைச் சொன்னார்.

"இந்தத் தாளக் குடுத்த மதுரை முதலாளி மாசம் ஒருக்கா ஒங்க கால்ல விழுந்துட்டுப் போறாரு. எனக்குத் தெரியும். இந்த ரெண்டு கோட்டுல ஒண்ணுல ஒங்க பேரைப் போட்டுட்டா அவரு வாயத் தொறக்க மாட்டாரு. போட்டுக் குடுங்க தாயி."

"போடலாமே."

இவ்வளவு சுலபமாக வரும் என்று பவுன்ராஜ் நினைக்கவில்லை. பேனாவைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

"கடையில எத்தனை வண்டி நிக்கிது?"

"பதினொண்ணு."

"ஓடுறது?"

"ஒண்ணும் ஓடாது. அதத்தான தாயி தொண்டை வத்தக் கத்துறேன், சாமான் இல்ல."

"எந்த வண்டிக்கு என்ன சாமான் இல்லேன்னு எழுதிட்டு வாங்க. அப்புறம் போடுறேன்."

"இப்பயே போட்டா என்ன?"

தவமணி அடுத்த மொச்சையை எடுத்தார்.

பவுன்ராஜ் கடைக்குப் போனார். பதினொரு வண்டியையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து எழுதினார். இடுப்பு வலித்தது. கடைக்கு முன்னால் ஜக்கையன் வேறு வந்து நின்று, "அண்ணே, இன்னைக்காவது?" என்றான். "நாளைக்குப்பா, நாளைக்கு" என்று நிமிராமலே சொன்னார். அந்த வார்த்தை அவர் வாயில் தானாக வரும்.

மறுநாள் காலை தாளை நீட்டினார்.

தவமணி வாசித்தார். "ஜக்கையன் வண்டி. கார்புரேட்டர் இல்ல."

"ஆமா."

"கார்புரேட்டர்னா?"

"பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்சினுக்கு அனுப்புறது தாயி. அது இல்லாம வண்டி உறுமக்கூடச் செய்யாது."

"அப்ப தள்ளிக்கிட்டு வந்தாரா?"

"இல்லையே. ஓட்டிக்கிட்டுத்தான் வந்தான். சைலன்சர்ல சின்னதா ஒரு ஓட்டை. பத்த வச்சுக் குடுங்கன்னு விட்டுட்டுப் போனான். அரை மணி நேர வேலை."

"ம்."

கொட்டகைக்கு வெளியே யாரோ எருமையை ஆற்றுக்குள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். பவுன்ராஜ் அந்தப் பக்கம் பார்த்தார்.

"அது வந்து... தபால்காரரு வண்டில ஓடுது."

"எது?"

"ஜக்கையனோட கார்புரேட்டரு. அன்னைக்குத் தபால்காரரு வண்டி ஒடனே வேணும்னு குதிச்சாப்ல. அவருதுல ஊசி தேஞ்சு போச்சு. ரெண்டும் ஒரே மாடலு. சரி, இதக் கழட்டி அதுல போட்டு அனுப்புவோம், ரெண்டு நாள்ல புதுசு வாங்கி இதுல மாட்டிருவோம்னு பண்ணுனேன்."

தவமணி அடுத்த வரிக்குப் போனார். "ஆசீர்வாதம் வண்டி. கிளட்ச் பிளேட்டு இல்ல. இவரு எதுக்கு விட்டாரு?"

"ஆயில் மாத்த. அதுவும் நாப்பது நாள் இருக்கும்."

"பிளேட்டு?"

"கறிக்கடை பாய் வண்டில. அவரு மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கணும்னு நின்னாரு தாயி. பாவமா இருந்துச்சு."

தவமணி மூன்றாவது வரியைப் படித்தார். நான்காவதைப் படித்தார். எதற்கும் கேள்வி கேட்கவில்லை. பவுன்ராஜே தானாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இந்த வண்டியின் செயின் அந்த வண்டியில். அந்த வண்டியின் இக்னிஷன் காயில் இன்னொன்றில். ஏழாவது வரியில் அவருக்கே அலுத்துப் போயிற்று.

"எல்லா மெக்கானிக்கும் பண்றதுதான் தாயி! தொழில்ல இது சகஜம். ஒங்களுக்குப் புரியாது. நான் ஒண்ணும் வித்துத் திங்கல. கணக்கு மட்டும் ஆரம்பிச்சுட்டா ஒரே வாரத்துல எல்லாத்தையும் அது அது எடத்துல மாட்டிருவேன். நீங்க கையெழுத்தப் போடுங்க."

"தாளக் குடுங்க."

அப்பாடா என்று மதுரைக்காரரின் காகிதத்தை நீட்டினார். பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

தவமணி இரண்டு கோடுகளிலும் எழுதினார். நிதானமான, மில் ரிஜிஸ்தரில் பழகிய எழுத்து. திருப்பிக் கொடுத்தார்.

பவுன்ராஜ் படித்தார்.

ஒன்று, ஜக்கையன். இரண்டு, ஆசீர்வாதம்.

அவருக்குக் கோபத்தில் குரல் பிசிறியது.

"வெளையாடுறீங்களா தாயி? நேத்துலருந்து அலையுறேன். இவங்க கஸ்டமரு! சாமான் குடுக்குறவங்க பேரை எழுதச் சொன்னா கஸ்டமரு பேரை எழுதி வச்சிருக்கீங்க!"

"நாப்பது நாளாக் குடுக்குறாங்களேண்ணே."

"அது..."

"போர்டு போட்டோ கேட்டாங்களா?"

"இல்ல."

"ஆதார்? ஸ்டாம்பு?"

"அவய்ங்க எப்படித் தாயி கேப்பாய்ங்க? குடுத்ததே அவய்ங்களுக்குத் தெரியாதே!"

கத்திவிட்டார். கொட்டகைத் தகரத்தில் பட்டு அவர் குரல் அவருக்கே திரும்பக் கேட்டது.

தவமணி முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நம்பர் போட எடம் விட்டிருக்கேன். மதுரைக்காரரு போன் போட்டு விசாரிப்பாரு. அவரு எதையும் விசாரிக்காம விட மாட்டாரு."

பவுன்ராஜ் நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். தாளைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தார். கிழித்தாலும் ஜக்கையன் சாயங்காலம் வந்து நிற்பான். மதுரைக்காரரிடம், தேனிக்காரரிடம், இந்த அம்மாவிடம், எல்லாரிடமும் இருந்த கோபம் போக இடமில்லாமல் அவர் மேலேயே வந்து விழுந்தது. வெட்கமாக இருந்தது.

போனை எடுத்தார். கிரீஸ் ஒட்டிய விரலுக்கு எண் உடனே விழவில்லை. மூன்றாம் முறை அழுத்தினார்.

"ஜக்கையா, பவுனு பேசுறேன்."

"அண்ணே! வண்டி ரெடியாண்ணே?"

இந்த முறையும் 'நாளைக்கு' தானாக வாய்க்கு வந்தது. விழுங்கினார்.

"இல்லப்பா. உங்கிட்ட ஒரு கார்புரேட்டர் வாங்கியிருக்கேன். நாப்பது நாளாச்சு. உங்கிட்ட இன்னும் கேக்கல."