ஏழெட்டு ஐம்பத்து நாலு

வைகாசிப் பௌர்ணமிக்கு முந்தைய நாள், உச்சிவேளையில், அவையில் இருந்த நாற்பது பேர் முன்னிலையில், வேங்கைராயர் ஒரு பெருக்கலில் வழுக்கினார். இது நடந்து வெகுகாலம் ஆகிறது. நெல்லம்பாடி நாட்டை அப்போது அவர்தான் ஆண்டுகொண்டிருந்தார்.

போர், வேட்டை எதிலும் அவருக்கு அத்தனை நாட்டம் கிடையாது. கணக்குப் புதிர் என்றால் மட்டும் சோறு தண்ணீர் வேண்டாம். யார் வந்தாலும் ஒரு புதிர் போட்டுவிட்டுத்தான் வணக்கத்தையே ஏற்பார்.

அன்றைய முதல் புதிர் சுலபமானது.

"ஒரு மரம். மூன்று கிளை. கிளைக்கு நாலு கூடு, கூட்டுக்கு ஐந்து முட்டை. பாம்பு ஒன்று ஏறி இறங்கியது. இப்போது எத்தனை முட்டை?"

"அறுபது!" என்று முந்திக்கொண்டார் கொன்றையப்பர். அரசர் தும்மினால் 'நூறாயுசு' சொல்ல முதல் ஆளாக நிற்பவர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

அமைச்சர் நீலமேகர் தாடியைத் தடவினார். "பாம்பு பட்டினியாக ஏறியதா, சாப்பிட்டுவிட்டு ஏறியதா, அரசே? அது தெரியாமல் எப்படிச் சொல்வது?"

அரசர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கொன்றையப்பரின் முகம் சுருங்கியது.

"சரி, இதற்குச் சொல்லுங்கள். ஏழு பல்லக்கு. பல்லக்குக்கு எட்டு ஆள். தூக்குபவர்கள் எத்தனை பேர்?" கேட்ட வேகத்திலேயே, பிறர் வாய் திறக்குமுன், அரசரே பதிலையும் சொல்லிவிட்டார். "ஐம்பத்து நாலு!"

சிலர் மறைவாக விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

"ஆகா! அதே ஐம்பத்து நாலு!" என்றார் கொன்றையப்பர். உடனே எல்லாத் தலைகளும் ஆடின.

"ஐம்பத்தாறு" என்றார் நீலமேகர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கொன்றையப்பர் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா, அரசே? தங்கள் வாயிலிருந்து வந்த கணக்கு தப்பாம்! இன்று முதல் நெல்லம்பாடியில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று பறை அறைவித்துவிடலாம். அப்புறம் யார் மாற்றிச் சொல்வார்கள் என்று பார்ப்போம்."

அரசருக்கும் உள்ளே லேசாக உறுத்தத்தான் செய்தது. ஆனால் நாற்பது பேர் பார்க்கிறார்களே!

"அறைவியுங்கள். நீலமேகரே, நாளை என் பிறந்தநாள் விருந்து முடிவதற்குள் உம்முடைய ஐம்பத்தாறை எனக்குக் காட்டும். தப்பு என்ற சொல் உம் வாயில் வரக்கூடாது. சட்டத்தையும் மீறக்கூடாது. முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொன்றையப்பரிடம் கொடுத்துவிடும்."

கொன்றையப்பர் அப்போதே தம் விரலைப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் நீலமேகர் நேராக அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனார். சமையல்காரன் சடையன் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு எத்தனை இலை, சடையா?"

"எப்பவும் போலத்தானுங்க. ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு மணை. ஆக ஐம்பத்..."

"உஷ்! பறை காதில் விழவில்லையா? ஏழெட்டு எவ்வளவு?"

சடையன் கத்தியைக் கீழே வைத்தான். "ஐம்பத்து நாலுங்களா? அப்ப யாருக்காச்சும் குறையுமேங்க?"

"சட்டப்படி குறையாது. நீ சட்டப்படி இலையை வெட்டு. வழக்கப்படி போடு."

அந்த வழக்கம் அரசரின் பாட்டனார் ஏற்படுத்தியது. விருந்தினர்தான் முதலில். வாசலோரத்து மணையில் இலை போடத் தொடங்கி, கடைசி வரிசையின் கடைசி மணையில் முடிக்க வேண்டும். கடைசி மணை அரசருடையது. அதற்கு முந்தைய மணையைப் பிடிக்கக் கொன்றையப்பர் பல வருஷம் பாடுபட்டிருந்தார்.

மறுநாள் விருந்துக்கூடம் நிறைந்தது. பதவி போகப்போகிறவர்தானே என்று நீலமேகரை வாசலோரத்து முதல் மணைக்குத் தள்ளியிருந்தார் கொன்றையப்பர். இலைகள் வரிசையாக விழுந்துகொண்டே வந்தன. பின்னாலேயே பரிமாறுபவர்களும் வந்தார்கள். ஏழாவது வரிசையில் ஆறு இலை போட்டதும் சடையன் நின்று கைகூப்பினான்.

கொன்றையப்பர் முன்னால் வெறுந்தரை. அரசர் முன்னாலும் வெறுந்தரை. அதிரசத்தின் மணம் மட்டும் அவர்கள்வரை வந்து சேர்ந்தது.

"எங்கே என் இலை?"

"தீர்ந்துபோச்சுங்க, மகாராசா. ஏழெட்டு ஐம்பத்து நாலுன்னு எண்ணித்தான் வெட்டினேனுங்க."

"திருட்டுப்பயலே! இரண்டு இலையை எங்கே ஒளித்தாய்?" என்று பாய்ந்தார் கொன்றையப்பர்.

"சும்மா இரும்" என்ற அரசர், கூடத்தை ஒருமுறை பார்வையால் அளந்தார். எல்லா மணையிலும் ஆள். "நீலமேகரே, என்ன இது?"

வாசலோரத்திலிருந்து நீலமேகர் எழுந்தார். "கணக்கில் ஒரு குறையும் இல்லை, அரசே. ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுப் பேர். சட்டப்படி ஐம்பத்து நாலு பேர். அத்தனை பேருக்கும் இலை விழுந்துவிட்டது. அழைக்காமல் யாரோ இரண்டு பேர் வந்திருக்க வேண்டும்."

நடு வரிசையில் யாருக்கோ பாயசம் புரையேறியது.

அரசர் பக்கத்து மணைக்குத் திரும்பினார். "நீர் சொல்லுமய்யா. இங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்?"

"ஐ... ஐம்பத்து நாலு, அரசே."

"இலை?"

"அதுவும்... ஐம்பத்து நாலு."

"அப்படியானால் நம் இருவரையும் இங்கே யார் கூப்பிட்டது?"

கொன்றையப்பர் வெறுந்தரையைப் பார்த்தார். அடுத்த இலையில் இருந்த அதிரசத்தைப் பார்த்தார். "ஐம்பத்தாறு" என்றார், காற்றுப்போன குரலில்.

அரசருக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "என் பிறந்தநாளிலேயே என்னை அழையாத விருந்தாளி ஆக்கிவிட்டீரே, நீலமேகரே!" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். முத்திரை மோதிரம் இருந்த விரலிலேயே இருந்தது. புதுச் சட்டம் அங்கேயே ரத்தானது.

"சடையா, இன்னும் இரண்டு இலை வெட்டி வா. எனக்கு இப்போதே போடு. இவருக்கு, ஏழாம் வாய்ப்பாட்டை நின்றபடி முழுக்க ஒப்பித்த பிறகு போடு."

ஏழெட்டு வந்தபோது கொன்றையப்பர் குரலை உயர்த்தியே சொன்னார். ஆனாலும் அவர் உட்காரும்போது சாம்பார் ஆறியிருந்தது.

மறுவருஷம் தை மாதம் பன்னிரண்டாம் நாள், அவையில் ஒரு புதிருக்கு விடையாக, ஆறொன்பது ஐம்பத்தாறு என்றார் அரசர். முதல் ஆளாக எழுந்து, "ஐம்பத்து நாலு, அரசே" என்றவர் கொன்றையப்பர்.