ஒதீல் வீட்டு ஒசந்த படி

கடலுக்கு அந்தாண்ட, பிரான்சு தேசத்துல, ஒரு ஊர்ல ஒரு அக்காவும் தம்பியும் இருந்தாங்களாம். அக்கா பேரு ஒதீல், தம்பி பேரு எர்வே. அவங்க வீடு இருக்கே, அது பாதி வீடு, பாதி கோட்டை. கொள்ளைக்காரங்க திரிஞ்ச காலத்துல பாட்டன் முப்பாட்டன் கட்டினது. சுத்தி அகழி, அகழியில தண்ணி, தண்ணியில வாத்து. வாத்துன்னதும் ஞாபகம் வருது, எங்க சின்னம்மா ஒரு வாத்து வளத்தா, அது தபால்காரரை மட்டும் தொரத்தித் தொரத்திக் கொத்தும்... சரி, அது வேற கதை. ம் கொட்டு கண்ணு.

அந்தத் தம்பி ஒருநாள் கப்பலேறிட்டான். "வந்துருவேன்க்கா. வீட்டை மட்டும் விட்டுடாத"ன்னான். "நீ வர்ற வரைக்கும் ஒரு கல்லு நகராது, போடா"ன்னா அக்கா. அப்புறம் வருஷம் வருஷமா ஓடுது, ஆளைக் காணோம். நாய் கொலைச்சாக்கூட அவ வாசலை எட்டிப் பாப்பா.

அப்போ மழை புடிச்சுது, சோ...ன்னு. செவரு ஊறிப் போச்சு. தம்பி வர்றதுக்குள்ள விழுந்துருமோன்னு பயந்து, இவ சிமெண்டைக் கொழைச்சு செவரு பூரா அப்பிட்டா. அது சுண்ணாம்புல கட்டின செவரு, மூச்சு விடுற செவரு! மூக்கைப் பொத்தினா என்னாகும்? ஈரம் உள்ளயே நின்னு, பொத்து பொத்துன்னு கல்லோட உதிந்துச்சு. அழுதுகிட்டே அம்புட்டையும் சொரண்டி, திரும்ப சுண்ணாம்பு பூசினா.

அப்புறம் ஒரு பணக்காரன் டர்ர்ருனு கார்ல வந்தான். "அந்தக் கல்லு கணப்பை மட்டும் பேத்துக் குடும்மா, என் பங்களாவுல வெக்கறேன்." "குளிர்ல வர்றவன் எங்கய்யா கை காய்வான்? போ"ன்னுட்டா.

அப்புறம் அவளுக்கும் வயசாச்சு, கூரையும் ஒழுகுது. சர்க்கார் ஆளுங்க வந்தாங்க. "நாங்க சரி பண்ணித் தர்றோம். ஆனா ஜனங்க பாக்கறதுக்குக் கதவைத் தொறந்து வெக்கணும்"னாங்க. சரின்னா. கோபுரப்படியில ஏறினாங்க. தடால்! பெரிய அதிகாரி குப்புற விழுந்தாரு. நடுவுல ஒரு படி மட்டும் ஒசரம். எதிரி இருட்டுல ஓடி வந்தா விழட்டும்னு அந்தக் காலத்துலயே அப்படிக் கட்டினது.

"இதைச் சமமாச் செதுக்கிடலாம்"னாரு, முட்டியைத் தேச்சுக்கிட்டே.

"அதைத் தொட்டா கதவைச் சாத்திடுவேன்."

"கூரை இடிஞ்சுரும்மா!"

"இடியட்டும். என் தம்பி கால் தேடுற படி அது."

என்ன பண்றது? பக்கத்துல ஒரு விளக்கை மாட்டிட்டு விட்டுட்டாங்க. அப்படியும் வர்றவங்கல்லாம் தடால், தடால்! கீழ ஒதீல் காதைத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பா. ம்? தூங்கிட்டியா? இரு, முடியப் போவுது.

ஒருநாள் டக், டக், டக்னு ஒரு செருப்புச் சத்தம் ஏறிச்சு. அந்தப் படிகிட்ட வந்து... விழல. நிக்கக்கூட இல்ல. தாண்டி மேல போயிருச்சு. இவ எழுந்திரிச்சு ஓடறா, மூச்சு வாங்க. மேல நின்னது தம்பி இல்ல. மாநெறமா ஒரு பொண்ணு, நம்ம பாண்டிச்சேரிப் பொண்ணு.

"எப்படிம்மா விழாம வந்தே?"

"எங்க வீட்டு மாடிப்படியும் இப்படித்தான். கொத்தனார் வேணாம்னு கத்தக் கத்த, அப்பா நடுவுல ஒண்ணை ஒசத்திக் கட்ட வெச்சாரு. தெனம் கண்ணை மூடிக்கிட்டுதான் அதுல ஏறுவாரு. போன மாசியில போயிட்டாரு, அத்தை."

ஒதீல் அப்படியே அந்தப் படியில ஒக்காந்துட்டா. பொண்ணும் பக்கத்துல ஒக்காந்துச்சு.

"அத்தை, அப்பா இதுல எப்பவாவது விழுந்திருக்காரா?"

"ஒரே தடவை. முன்பல்லு போச்சு."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்புறம்தான் அழுதாங்க.

அவங்க படியில, நீ என் மடியில. கதை தீந்துச்சு, கண்ணை மூடு.