முதலாளி படத்துக்கு ஒரு சட்டம்

மரச்சட்டங்களின் மூலை பொருந்தும்படி சாய்வாக அறுக்கும் மாசிலாமணி ஆசாரியின் பழைய மைட்டர் மெஷின் ஆட்டம் கண்டதிலிருந்து, அவர் செய்த ஜன்னல் மூலையெல்லாம் பல்லிளித்தன. இன்னொரு ஜன்னல் இப்படி வந்தால் வேலை கொடுத்த வீட்டுக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். புதுசு வாங்கக் கோயம்புத்தூரில் பொன்னுலிங்கம் கடைக்குப் போனார். வாசலில் இரண்டு மெஷின்கள் பளபளத்தன. அவருக்குப் பின்னால் மெஷின் வாங்க வந்த வேறு சில ஆசாரிகளும் நின்றார்கள்.

"இதுல எதுங்க மூலையைச் சரியா அறுக்கும்?"

"எல்லாமே தங்கம்" என்று முதலாளி பொன்னுலிங்கம் மீசையை நீவினார். "இங்க அறுத்துப் பாக்கறதெல்லாம் கெடையாது. கண்ணால பாத்து எடு. எடுத்தா எடுத்ததுதான்."

மாசிலாமணி சுவரைப் பார்த்தார். முதலாளி பொன்னாடையோடு விருது வாங்கும் படம் சட்டமில்லாமல் ஒட்டியிருந்தது.

"இத்தன பெரிய மனுசர் படம் இப்படியா இருக்கறதுங்க? வண்டியில தேக்கு இருக்குது, சும்மாவே சட்டம் போட்டுத் தர்றேன். இந்த மெஷின்லயே அறுத்துடட்டுங்களா?"

பொன்னுலிங்கம் பதறி எழுந்தார். "அய்யோ, அதுல வேண்டாம்! மூலை சேராது. பக்கத்துல இருக்கறதும் அப்படித்தான். குடோன்ல மூடி வெச்சிருக்கறத எடுத்துட்டு வரச் சொல்றேன், இரு!"

குடோனிலிருந்து வந்த மெஷினில் அறுத்த சட்டத்தின் மூலையில் தலைமுடிகூட நுழையவில்லை. மாசிலாமணி படத்தை மாட்டிவிட்டு, "இதையே கட்டிக் குடுங்க" என்றார்.

பின்னால் நின்ற ஆசாரிகளும் குரல் கொடுத்தார்கள்: "எங்களுக்கும் குடோன்ல இருந்தே எடுங்க முதலாளி!"